தனத்தைத் தூக்கும் முறை

அடி அண்ணாமலையில் ராஜமாணிக்கத்தின் மனைவி தனம், அமாவாசையன்று ஐம்பத்திரண்டு கிலோவும் பௌர்ணமியன்று எண்பது கிலோவும் இருந்தாள். இது இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடி மாத நிலவரம். ராஜமாணிக்கம் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். மண்டியில் கழித்துவிட்ட பெரிய எடை மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் தனத்தின் மெத்தையை விரித்து, மூன்று தடவை பார்த்துத்தான் நம்பினார். முந்தைய வருடக் காய்ச்சலில் தனத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிருந்தது. பிள்ளைகள் இல்லை. மெத்தையிலிருந்து சக்கர நாற்காலிக்கும் அங்கிருந்து பாத்ரூமுக்குமாக ஒரு நாளைக்கு ஆறு முறை அவர்தான் தூக்கினார். டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். சோறு கம்மியானது, தனம் கம்மியாகவில்லை.

புரட்டாசிப் பௌர்ணமிக்கு நூற்றுப்பத்து. அன்று தூக்கும்போது ராஜமாணிக்கத்தின் இடுப்பில் ஏதோ சடக்கென்றது. மூன்று வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்; அதுவரை தனத்துக்கு மெத்தையிலேயே பெட்பேன்தான். தனம் நடுங்கிப்போனாள். "நீங்களும் படுத்துட்டா என்னை ஏதாவது ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுவாங்க," என்றாள். அவருக்கும் அதே பயம்தான்.

வேங்கிக்காலில் ஒரு ஜிம் இருந்தது. பயிற்சியாளர் தேவிப்ரியாவுக்கு இருபத்தாறு வயது. விஷயத்தைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. "பௌர்ணமிக்கு எவ்ளோ சார் வருவாங்க?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்து நிமிர்வது எப்படி என்று காட்டினாள். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தப்பை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிறகு கும்பிட்ட குனிவிலேயே, முதுகு வளைய, இழுத்துவிடுவார்கள். ராஜமாணிக்கத்துக்கு பக்தி ஜாஸ்தி, ஆகவே வளைவும் ஜாஸ்தி. "கும்பிட்டாச்சில்ல சார், நிமிந்துடுங்க. இப்போ புதுசா ஆரம்பிங்க. இடுப்பை பின்னாடி தள்ளுங்க, முதுகு பலகை மாதிரி இருக்கணும். கம்பி காலை ஒட்டியே வரணும், தள்ளி வந்தா இடுப்பு போய்டும்." அப்போதுதான் அவருக்கு உறைத்தது: தனத்தையும் அவர் தினமும் குனிந்து மலையை வேண்டிக்கொண்டு, அந்தக் குனிவிலேயேதான் தூக்கிவந்தார்.

வேண்டுதல் தனி, தூக்குவது தனி என்று அவர் பிரித்துக்கொள்ள நாற்பது நாள் பிடித்தது. வலி போயிற்று. உடம்போடு ஒட்டித் தூக்கவேண்டும் என்பதால், பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் தினம் ஆறு முறை கட்டிக்கொண்டார்கள். தனத்துக்கு அது கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டு வருடத்தில் அவர் நூற்றெண்பது வரை தூக்கினார். தனமும் சும்மா இருக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொரு பௌர்ணமியும் அவர் பலத்துக்கு ஐந்து கிலோ கீழேயே நின்றுகொண்டாள். இருபத்து நான்காம் வருடக் கார்த்திகையில் அந்த மரியாதை போயிற்று. மெஷின் இருநூற்றுப் பதினான்கு காட்டியது.

அன்று தனம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று, வாசலுக்குப் போய் மலைமேல் தீபம் ஏற்றுவதைப் பார்க்கவேண்டும். மாலை ஆறு மணிக்கு வெளியே ஊரே அரோகரா என்றது. ராஜமாணிக்கம் இடுப்பைப் பின்னால் தள்ளி, மூச்சை அடக்கி, அவளை இறுக்கி எழுந்தார். ஒரு சாண் எழும்பினாள். அப்போது முதுகு வளையத் தொடங்கியதை உணர்ந்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தால் வாசல் வரைக்கும் போய்விடலாம் என்றும் தெரிந்தது. அவளை மெத்தையில் திரும்ப வைத்தார். தேவிப்ரியா தூக்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

"வெச்சிட்டீங்களே, அது போதும்," என்றாள் தனம். "முன்னேன்னா இழுத்துட்டு படுத்திருப்பீங்க."

பெட்பேனோடு நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மெஷின் நூற்று எழுபத்தெட்டுக்கு இறங்கியது. அவர் தனத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். கூட்டம் கலைந்திருந்தது, தீபம் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கார்த்திகை தீபம் ஐந்தாம் நாள்தான். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பொரி உருண்டை கொடுத்தனுப்புகிறாள். அடுத்த தடவை ஏழாம் நாளாகும் என்று தனம் சொல்கிறாள். மலைமேல் தீபம் பதினோரு நாள் எரியும்.