ஓடையின் இடது கரை

சாஜிதாவின் அழைப்பு வந்தபோது அறிவுச்செல்வன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம்.

"அண்ணே, அந்த விளையாட்டுப் பெட்டிய எடுத்துக்கிட்டு உடனே வீட்டுக்கு வாங்க. அம்மா கேட்டா சும்மா வந்தேன்னு சொல்லுங்க."

சாஜிதா இப்படி ரகசியக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. கையைக் கழுவிக்கொண்டு, பீரோவின் மேல் கிடந்த பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டு, வண்டியை எடுத்தான்.

அது போர் விளையாட்டுப் பெட்டி. விரித்தால் மேசை முழுக்கப் பரவும் ஒரு வரைபட அட்டை. அதன் மேல் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள், நகம் அளவு அட்டைக் காய்கள், இரண்டு பகடைகள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தது. அறிவு வலங்கைமானில் சர்வேயர். வரைபடம் என்றாலே அவனுக்குத் தனி ஆசை. அவனோடு உட்கார்ந்து இதை விளையாட அந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான் கிடைத்தான். கடைத்தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் அப்சர், சாஜிதாவின் தம்பி. நான்கு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் கடையை அடைத்துவிட்டு வந்துவிடுவான். செல்போன் திருகாணி எடுக்கும் இடுக்கியால்தான் காய்களை நகர்த்துவான். விரல் பட்டால் பக்கத்துக் காய் கலைந்துவிடுமாம்.

இருவரும் அதிகம் ஆடியது பனிக்காட்டுச் சண்டை. பைன் மரக் காடு, உறைந்த ஓடை, அக்கரையில் மேடு. ஒருவர் எட்டுச் சுற்றுக்குள் ஓடையைக் கடக்க வேண்டும். மற்றவர் தன் காய்களைக் கவிழ்த்துவைத்து மறைந்திருப்பார். எது வெறும் காய், எது இயந்திரத் துப்பாக்கி என்று கிட்டே போனால்தான் தெரியும். அதற்காகவே முன்னால் ஒரு சின்னக் காயை அனுப்ப வேண்டும். அந்தக் காய்க்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பலியாடு. "ஆட்டை அவுத்து விடுங்கண்ணே" என்று அப்சர் சிரிப்பான்.

ஆடி மாதம் அப்சர் ரஷ்யாவுக்குப் போனான். கிடங்கில் பொருள் கட்டும் வேலை என்றுதான் ஏஜென்ட் சொன்னான். போய் இறங்கியதும் புரியாத மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு கையில் கொடுத்தது துப்பாக்கி. இது சாஜிதாவுக்கும் அறிவுக்கும் மட்டும் தெரியும். அவன் அம்மா லத்தீஃபா, மகன் குளிரில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. அப்சர் பேசினானா உங்ககிட்ட?" என்று வாசலிலேயே கேட்டார் லத்தீஃபா.

"போன வாரம் பேசினான்மா. நல்லா இருக்கான்."

சாஜிதா அவனை மாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். போனை நீட்டினாள். குரல் பதிவு. பின்னால் காற்று இரைந்தது. அப்சர் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

"அக்கா, அறிவண்ணன்கிட்ட போட்டுக் காட்டு. அண்ணே, முன்னாடி காடு. அதுக்கப்புறம் ஒரு ஓடை, உறைஞ்சு கெடக்கு. இடது பக்கமா வளையுது, அந்தப் பக்கம் கரை ஒசரம். எதுத்தாப்ல மேடு. அச்சு அசல் நம்ம போர்டுதாண்ணே. இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள எங்க நாலு பேர முன்னாடி அனுப்பறாங்க. நின்னா பின்னாடி இருக்கறவனே சுடுவான். போர்ட விரிங்க. நீங்க அந்த மேட்டுல இருந்தா எங்க உக்காந்து சுடுவீங்க? அத மட்டும் சொல்லுங்க. உங்க ஊரு அஞ்சரைக்கு எங்க போன வாங்கிடுவாங்க. வெளையாட்டுக்குச் சொல்லலண்ணே."

அவ்வளவுதான். பதிவு முடிந்த பின்னும் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்றே முக்கால்.

"சாஜிதா, இது அட்டைம்மா. இத வெச்சு எப்படி..."

"அவன் கேட்டிருக்கான்ல. விரிங்கண்ணே."

அறிவு அட்டையை விரித்தான். மடிப்புகள் தூக்கிக்கொண்டு நின்றன. காய்களைக் கொட்டி அடுக்கும்போது கை தவறி இரண்டு காய்கள் கட்டிலுக்கு அடியில் போயின. சாஜிதா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். விதிகளை அவன் சுருக்கமாகச் சொன்னான். பனியில் ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம்தான். மரத்துக்குள் இருந்தால் குண்டு படுவது குறைவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குளிருக்காக ஒரு பகடை. ஆறு விழுந்தால் ஆள் விறைத்துப்போவான்.

"நான் அந்த நாலு பேரு. நீங்க மேட்டுல," என்றாள் சாஜிதா.

முதல் ஆட்டத்தில் அவள் நேராகப் போனாள். மூன்றாவது சுற்றில் காய் பனிக்கட்டி மேல் கால் வைத்தது. அறிவு தன் கவிழ்ந்த காயைத் திருப்பினான். பகடையை உருட்டினான். ஒன்பது.

"ஒன்பதுன்னா?"

அவன் காயை எடுத்து ஓரமாக வைத்தான்.

இரண்டாவது ஆட்டத்தில் வலது பக்கம், அடர்ந்த மரங்களுக்குள்ளே போனாள். குண்டு படவில்லை. குளிர்ப் பகடையில் ஆறு விழுந்தது. அடுத்த சுற்றிலும் ஆறு. சாஜிதா சேலைத் தலைப்பால் மேலுதட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தை மாத வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கோ வயலில் அறுவடை மெஷினின் இரைச்சல்.

லத்தீஃபா டீ கொண்டுவந்தார். மேசையைப் பார்த்துச் சிரித்தார்.

"அவன் இல்லாத கொறைக்கு இவளப் புடிச்சுட்டீங்களா? யாரு கெலிக்கிறது?"

"அண்ணன்தாம்மா," என்றாள் சாஜிதா. அவர் இறங்கிப்போகும் வரை இருவரும் டம்ளரைத் தொடவில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்கு அறிவு காய்களை மறைத்துவைத்தான். சாஜிதா மறுபடி நடுவழியாகவே வந்தாள். இந்த முறை காய் ஓடையைத் தாண்டிவிட்டது. அவள் முகம் சற்றே தெளிந்தது. பிறகு கைநீட்டி, அவன் கவிழ்த்துவைத்திருந்த காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இயந்திரத் துப்பாக்கி மேட்டுக்குப் பின்னால், எதையும் பார்க்க முடியாத பள்ளத்தில் இருந்தது.

"அண்ணே, நெசமா நீங்க அங்க வெப்பீங்களா?"

அறிவு தலையைக் குனிந்துகொண்டான். தான் அதை வேண்டுமென்று செய்ததாகக்கூட அவனுக்கு நினைவில்லை. கை தானாக அங்கே வைத்திருந்தது.

"என்னைச் சமாதானப்படுத்தறதுக்கு ஆடாதீங்க. அவனக் கொல்லணும்னு நெனச்சு ஆடுங்க. அப்பத்தான் அவனுக்கு எதாச்சும் சொல்ல முடியும்."

அப்படித்தான் ஆடினான். அதற்குப் பிறகு நடந்ததுதான் அவனை உலுக்கியது. கொல்ல நினைத்து யோசித்ததும் மூளை துல்லியமாக வேலை செய்தது. மரங்களை விட்டு வெளியே வரும் இடத்தை இங்கிருந்து பார்க்கலாம், வளைவை அங்கிருந்து அடிக்கலாம், தப்பி ஓடினால் இந்த இடைவெளி வழியாகத்தான் ஓட முடியும். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் யோசித்திருக்கிறான். அப்சரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே யோசித்திருக்கிறான்.

ஏழு ஆட்டம் ஆடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வழி. ஓடை இடது பக்கம் வளையும் இடத்தில், உயர்ந்த கரைக்கு அடியில் ஒட்டிக்கொண்டே போனால் மேட்டில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. மூன்று முறை அந்த வழியில் போனதில் இரண்டு முறை காய் பிழைத்தது.

மணி ஐந்தாக இருபது நிமிஷம் இருந்தது.

"சொல்லுங்கண்ணே."

"மூணுல ரெண்டும்மா. மூணாவது தடவ..."

"மத்த வழியில நெசமா ஆடுனதுல ஒண்ணுகூட இல்லையே."

அவள் போனை அவன் வாயருகே பிடித்தாள். பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டாள். "போ" என்ற ஒரு சொல் நாக்கில் ஏறவில்லை. இருமிவிட்டு ஆரம்பித்தான்.

"அப்சர், நான் மேட்டுல இருந்தா மரம் முடியற எடத்தப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நடுவுல எறங்காத. இடது பக்கம் வளைவுக்கு வா. கரைக்கு அடியில ஒட்டுனாப்ல போ. நிமிராத. எனக்கு வேற ஒண்ணும் தெரியலடா. பார்த்து."

சாஜிதா அனுப்பினாள். ஒரு டிக். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டிக். ஐந்தே காலுக்கு இரண்டும் நீலமாயின. கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அன்று முதல் அறிவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எல்லைத் தகராறு ஒன்றை அளக்க வயலுக்குப் போனான். அளவுச் சங்கிலியை விரித்துவிட்டு எண்ணை எழுத மறந்து நின்றான். வரப்பில் நடக்கும்போது, இதோ இந்த இடத்தில் மறைவில்லை, அதோ அந்தப் பம்புசெட் கொட்டகையிலிருந்து பார்த்தால் நான் தெரிவேன் என்று ஓடியது புத்தி. வாய்க்கால் கரையைக் கண்டால் கால் தயங்கியது. போன் அடித்தால் பதறி எடுத்தான், அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்த்தான். லத்தீஃபா எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள் காலை சாஜிதா ஓடிவந்தாள். செருப்புகூடப் போடவில்லை. "அண்ணே, பேசிட்டான்! ஆஸ்பத்திரில இருக்கான். உசுரோட இருக்கான்!"

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சர்வே நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதான்.

அன்று மாலை அதே மாடி அறையில் வீடியோ அழைப்பு. லத்தீஃபாவுக்கு இப்போது எல்லாம் தெரிந்திருந்தது. அழுது தீர்த்து, மகனை நூறு கேள்வி கேட்டு, தொழுகைக்கு இறங்கிப்போனார். சாஜிதா அவருக்குத் துணையாகப் போனாள். அறிவு மட்டும் போனோடு இருந்தான். அப்சர் மெலிந்திருந்தான். இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்களாம், பனியில் கருகிப்போய்.

"நான் சொன்ன வழியில போனியாடா?" என்று கேட்டான் அறிவு. கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு பலமுறை நினைத்தான்.

அப்சர் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"என் கால் மரத்துப்போச்சுண்ணே. நடக்க முடியல. பின்தங்கிட்டேன். எனக்கு முன்னாடி பிகாஷ்னு ஒருத்தன். நேபாளம். நல்ல பையன். அவன்கிட்ட சொன்னேன், எங்க அண்ணன் மேப்புல கெட்டிக்காரரு, இடது பக்கம் கரைக்கு அடியில போனா ஒண்ணும் ஆகாதுங்கறாருன்னு. அவன் நம்பிப் போனான்."

"ம்."

"கரைக்கு அடியில கண்ணிவெடி பொதச்சிருந்தாங்கண்ணே."

அவர்களுடைய விளையாட்டில் கண்ணிவெடி கிடையாது. அந்தக் காய்களே பெட்டியில் இல்லை.

"சத்தம் கேட்டதும் மத்த ரெண்டு பேரும் அப்படியே படுத்துட்டாங்க. நானும் படுத்துட்டேன். எல்லாரும் செத்துட்டோம்னு பின்னாடி இருந்தவன் நெனச்சிருப்பான். ராத்திரி முழுக்கப் பனியில கெடந்தோம். காலையில எங்க ஆளுங்க வந்து தூக்கினாங்க. அந்தச் சத்தம் வரலன்னா நாங்க மூணு பேரும் பின்னாடியே போயிருப்போம்." பிறகு அவசரமாகச் சொன்னான். "உங்க மேல தப்பு இல்லண்ணே. நான்தான அவன்கிட்ட சொன்னேன். இத யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அழைப்பு முடிந்து அறிவு திரும்பியபோது கதவருகே சாஜிதா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"நீங்க மட்டும் சொல்லலண்ணே," என்றாள். "அந்த ஆட்டத்துல காயை நகத்துனது நான்."

கீழே லத்தீஃபா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மகன் பிழைத்த கதையைப் புதிதாக ஆரம்பிப்பதுபோல் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் வீட்டுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டாள் சாஜிதா.

அறிவு அதை அப்சருக்கே எழுதிக் கேட்டான். அங்கே யாரும் சொல்லப்போவதில்லை என்று அப்சர் அடுத்த நாள் எழுதினான். பிகாஷின் பெயர் பட்டியலில் காணாமல்போனவன் என்றுதான் இருக்கிறதாம். ஒரு தடவை பிகாஷ் அப்சரின் போனிலிருந்து வீட்டுக்குப் பேசியிருந்தான். அந்த எண் இருந்தது. அனுப்பினான். கூடவே, வேண்டாம் அண்ணே, விட்டுடுங்க என்றும் எழுதியிருந்தான்.

இரண்டு நாள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அறிவு தவித்தான். சொல்லாவிட்டால் அந்த வீட்டில் யாரோ அவனைப் போலப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். பன்னிரண்டு நாள் அவனுக்கே தாங்கவில்லை. அவர்களுக்கு அது எத்தனை நாள்? சொன்னால், எந்த வழியாகப் போனான், ஏன் அந்த வழியாகப் போனான் என்று கேட்பார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் போனைக் கவிழ்த்துவைத்தான்.

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுச் சாஜிதா வீட்டுக்குப் போனான். அவள் கல்யாணமான புதிதில் ஆறு வருஷம் பஹ்ரைனில் இருந்தவள். அங்கே பழகிய இந்தி சரளமாக வரும், நேபாளத்தில் அது புரியும்.

"எல்லாத்தையும் சொல்லணுமாண்ணே?"

"அவங்க கேட்டா சொல்லும்மா. என் பேரையும் சொல்லு."

அவள் எண்ணை அழுத்தினாள். ஒலிபெருக்கியைப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று அறிவின் மனசு ஒரு கணம் கெஞ்சியது. அதற்காகத் தன்னையே வெறுத்தான்.

எடுத்தார்கள். ஒரு பெண் குரல், இளம் குரல். பின்னால் ஒரு குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு எண் என்று பார்த்துத்தான் எடுத்திருக்க வேண்டும். மூச்சு வாங்க ஓடிவந்தவள் போல, ஆசையோடு அவள் கேட்ட ஒற்றைச் சொல் அறிவுக்குக்கூடப் புரிந்தது.

"பிகாஷ்?"

சாஜிதா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கை மேசை மேல் இருந்தது. அறிவு அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அவள் பேச ஆரம்பித்தாள்.