வெல்ட்டனின் தலை

என் கணவர் ஹார்ட்விக், பல்கலைக்கழகப் பேராசிரியர். மனித மனத்தைப் பற்றியும் உலகத்து இனங்களைப் பற்றியும் தலையணை தலையணையாகப் புத்தகம் எழுதினார். ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதித் தள்ளிய மனிதர் எங்கள் லான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதே அபூர்வம். எல்லா இனத்துக்கும் மனம் ஒன்றுதான், மண்டை ஓட்டை அளந்து ஒருவனை மேல் என்றும் இன்னொருவனைக் கீழ் என்றும் சொல்வது பித்தலாட்டம் என்பது அவர் கட்சி. அதைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வேலைக்காரி லீஸ்பெத்தின் தம்பி வெல்ட்டன் ஏழைகள் விடுதியில் சளி முற்றிச் செத்துப்போனான். ஊர்ச் செலவில் புதைக்கப்படுகிறவனின் உடம்பு முதலில் மருத்துவ மாணவர்களின் மேசைக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்துச் சட்டம் அப்படி. அறுத்துப் படித்த பிறகு பெட்டி திரும்பி வந்தது. கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்கலாமென்று லீஸ்பெத் துணியை விலக்கினாள். தலை இல்லை.

மறுநாள் காலை இவர் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது எதிரே வந்து நின்றாள்.

"தீர்ப்பு நாள்ல ஆண்டவர் கூப்பிடறப்போ தலையில்லாம எப்படிய்யா எழுந்திரிப்பான்? அத மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க. கொண்டுபோய் அவனோடயே வெச்சுடறேன்."

இவர் உடனே வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுப்பதில் மட்டும் என் வீட்டுக்காரருக்கு ஈடு கிடையாது.

தலை இருந்தது உடற்கூற்றுப் பேராசிரியர் ட்ராயெரிடம். மண்டை ஓடுகளைச் சேர்ப்பதும் அளப்பதும் அவருக்கு உயிர். இவருக்கு ஜென்ம விரோதி. போய்க் கேட்டதற்கு, வெல்ட்டனின் தலை நம் நாட்டு மாதிரியாக வரிசையில் இருக்கிறது, தர முடியாது என்றுவிட்டார். எந்த ஓட்டைக் கொடுத்தாலும் எந்த இனம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று பீற்றிக்கொள்ளவும் செய்தார். அங்கேதான் இவருக்கு ரோஷம் வந்தது. பந்தயம் கட்டினார். வரிசையிலுள்ள ஓடுகளில் ஒட்டிய சீட்டையெல்லாம் எடுத்துவிட வேண்டும். ஊரார் முன்னால் ட்ராயெர் அவற்றை இனம் பிரிக்க வேண்டும், பிறகு கலைத்துவிட்டு மறுபடி பிரிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் இவர் தன் கட்சியைக் கைவிடுவார். ஒத்துப்போகாவிட்டால் வெல்ட்டனின் தலை லீஸ்பெத்துக்கு.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. லீஸ்பெத் வெள்ளைத் துணியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சீட்டுகளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தபோது, யாரும் நாக்கில் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதென்று இவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நேர்மையாம்! ஓடுகளின் அடியில் அடையாளத்துக்குப் பென்சிலால் எண் போட்டார்கள்.

ட்ராயெர் பிரித்தார். கலைத்தார்கள். மறுபடி பிரித்தார். எண்களைப் பார்த்தால், முதல் தடவை ஆப்பிரிக்கனாக இருந்தவன் இரண்டாம் தடவை எங்கள் நாட்டு ஹெஸ்ஸேக்காரனாகிவிட்டான். மண்டபமே சிரித்தது. மாணவர்கள் காலால் தரையை உதைத்து ஆர்ப்பரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கூட்டம் கலைந்ததும் லீஸ்பெத் மேசையருகே போனாள்.

"இதுல எதுய்யா என் தம்பி?"

இவர் ட்ராயெரைத் திரும்பிப் பார்த்து, பட்டியல் எங்கே என்று கேட்டார். புத்தகத்திலேயே வாழ்ந்தவர் அல்லவா, எதற்கும் ஒரு பட்டியல் இருக்கும் என்று நினைத்துவிட்டார். சீட்டுகள்தான் பட்டியல் என்றார் ட்ராயெர். அவை வாளித் தண்ணீரில் கூழாகக் கிடந்தன. ஓடுகளை வேகவைத்துக் கழுவிய பணியாளும் கையை விரித்துவிட்டான்.

தோற்ற எரிச்சலில் ட்ராயெர் சொன்னார்: "எது வேணாலும் எடுத்துக்கோம்மா. எல்லாம் ஒண்ணுதான்னு உங்க ஐயாதானே நிரூபிச்சாரு."

நான் போய் லீஸ்பெத்தின் பக்கத்தில் நின்றேன்.

லீஸ்பெத் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தாள். கன்னம் இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"அவன் சிரிச்சா கன்னத்துல குழி விழும்மா," என்று என்னிடம் சொன்னாள். "இங்க எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கிறாங்க."

இவர் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "எத எடுத்தாலும் அவனும் யாரோ ஒருத்திக்குத் தம்பிதானே, லீஸ்பெத்."

அவள் யோசித்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இருக்கலாம்யா. நாளைக்கு அவனோட அக்கா தேடிக்கிட்டு வந்தா நான் என்ன சொல்லுவேன்?"

கையிலிருந்ததை வரிசையில் வைத்தாள். வெள்ளைத் துணியை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுப்பு அணைந்துவிடும் என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பினாள். இவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் மாணவர்கள் இவரைத் தோளில் தூக்கிப் போகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.