சீட்டு இல்லாத தலை

அந்த மனநல மருத்துவமனைக்கு நூற்றிருபது வருஷத்தில் மூன்று முறை பெயர்ப்பலகை மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் கண்டக்டர் இன்றைக்கும் "பைத்தியக்கார ஆஸ்பத்திரியெல்லாம் இறங்கு" என்றுதான் கத்துகிறார். ஒன்பது மாவட்டத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான். ஒரு காலத்தில் ஆட்களைச் சங்கிலியில் பிணைத்த இரும்பு வளையங்கள் சுவரில் இன்னும் இருக்கின்றன. இப்போது அவற்றில் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள். மாத்திரைகள் வந்த பிறகு பாதிப் பேர் இரண்டே மாதத்தில் தேறி வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேரும் தேறத்தான் செய்தார்கள், கூட்டிப்போக ஆள்தான் வரவில்லை. இதை எந்தப் பலகையிலும் எழுதவில்லை.

மாறாமல் இருந்தது மொட்டை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஆண்கள் வார்டில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, பேன் வராமல் இருக்க, மெஷினால் ஒட்ட வழித்துவிடுவார் பார்பர். கூட்டிப்போக ஆள் வருவதாக யாருக்காவது கடிதம் வந்தால் மட்டும் ஹெட் நர்ஸ் ஒரு சீட்டு அனுப்புவார், இந்தத் தலையை விட்டுவிடவும் என்று. சொந்தக்காரர் கண்ணுக்கு மனுஷனாகத் தெரியட்டுமே என்று யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ செய்த ஏற்பாடு. அதனால் அந்த வார்டில் ஒருவருக்கு முடி வளர்ந்தால் அவர் வீட்டுக்குப் போகிறார் என்று அர்த்தம்.

டைலருக்கு அந்தச் சீட்டு வந்ததே இல்லை. வெளியே தையல் கடை வைத்திருந்தவர், இங்கே நோயாளிகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பத்தொன்பது வருஷம். குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிப் பதினோரு வருஷம். சொந்தம் என்று சொல்ல ஒரே ஒரு தம்பி. அந்தத் தம்பிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருஷம் ஒரு கடிதம் போகும், பதில் வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை டைலர் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தார்.

"பார்பர் சார், இந்த ஒரு மாசம் விட்டுருங்களேன். என் முடி நரைச்சிருச்சா, கருப்பாவே இருக்கான்னு எனக்கே தெரியல."

பார்பருக்கு மனசு கேட்கவில்லை, விட்டுவிட்டார். இரக்கப்படுவதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும். அது அவருக்கு அன்றைக்கு இல்லை.

முடி பஞ்சு வெள்ளையாக வளர்ந்தது. வார்டே கொண்டாடியது. என் பெண்டாட்டியைப் பார்த்தால் சொல்லுங்கள் என்று ஒருத்தன் கையைப் பிடித்துக்கொண்டான். இன்னொருத்தன் பொறாமையில் பேச்சையே விட்டுவிட்டான். "அட, சும்மா இருங்கடா" என்று முதலில் சிரித்த டைலர், நாலு வாரத்தில் தானும் நம்ப ஆரம்பித்தார். அடுத்த மாத மொட்டைச் செவ்வாயன்று பார்பரைத் தனியாக ஒதுக்கிக் கேட்டார்.

"சீட்டு வந்திருச்சு. என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வெச்சிருக்கீங்க. அப்படித்தானே?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். பார்பருக்கு வாய் வரவில்லை. "எனக்கு என்னண்ணே தெரியும்" என்று மழுப்பிவிட்டு, அந்தத் தலையைத் தாண்டி அடுத்த தலைக்குப் போனார்.

மிச்சம் மீதித் துணியில் டைலர் தனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டார். புதனும் சனியும் பார்வையாளர் நாள். அந்தச் சட்டையோடு காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். சாப்பிடப் போகும் நேரத்தில் தம்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று மதியச் சாப்பாட்டையும் விட்டார். பார்பரால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தம்பி ஒரே ஒரு தடவை வந்து நின்றால் போதும், தன் பாவம் தீர்ந்துவிடும் என்று நினைத்தார். ஆபீசில் விலாசம் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார்.

தம்பி மளிகைக் கடை வைத்திருந்தார். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் பார்பரை மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது, கண் கலங்கியிருந்தது.

"அண்ணன் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார். உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கார். ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டுங்க, போதும்."

"முடியாதுங்க. அண்ணன் செத்துட்டார்னு சொல்லித்தான் என் பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கேன். இப்ப போய் உயிரோட இருக்கார்னு சொன்னா அவ வாழ்க்கையே போயிரும். உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன், இனிமே இங்க வராதீங்க."

மறுநாள் விட்டு அடுத்த நாள் மொட்டைச் செவ்வாய்க்கிழமை. இன்னொரு பொய் சொல்லப் பார்பருக்குத் தெம்பு இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். டைலர் புதுச் சட்டையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தானே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். பார்பர் மெஷினை எடுத்தார். பாதித் தலை வழித்தபிறகு டைலர் கேட்டார்.

"நான் எப்ப செத்தேன்னு சொன்னானா?"

"கேக்கலண்ணே."

"கேட்டிருக்கலாம். தேதி தெரிஞ்சா, அன்னிக்கு நான் இங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு யோசிச்சுப் பாப்பேன்."

பார்பருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ வேண்டிய ஆள் தானல்ல என்பதால் அடக்கிக்கொண்டு மீதித் தலையையும் வழித்தார்.