மடித்த முனை

அண்ணியின் வலது கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைச் சின்னு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் ஊசியை உருவிவிட்டு அவசரத்தில் ஒட்டி அனுப்பியது. முனை எங்கே ஆரம்பிக்கிறது என்றே பிடிபடவில்லை. இழுத்தால் தோலும் கூடவே எழும்பியது. அண்ணிக்கு இனி வலிக்காது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

அண்ணி இப்படி ஒட்டியிருக்க மாட்டாள். வேலை பார்த்த காலம் முழுக்க ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எதை ஒட்டினாலும் முனையைத் துளி உள்பக்கமாக மடித்துவிட்டுத்தான் ஒட்டுவாள். "பிரிக்கிறவங்களும் மனுஷங்கதானே" என்பாள். இந்த வீட்டில் சர்க்கரைப் பொட்டலத்திலிருந்து ரிமோட்டின் உடைந்த மூடி வரைக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்திரிதான், அதன் ஓரத்தில் மடித்த முனைதான்.

"விடுங்க அத்தை, இருந்துட்டுப் போகுது" என்றாள் அண்ணியின் மகள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"இதோ வந்துடுச்சு. இதோட எப்படி அனுப்புறது?"

பிளாஸ்திரி ஒருவழியாகக் கையோடு வந்த நேரத்தில்தான் கூரியர்காரர் நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். புத்தகம் போலத் தட்டையாக ஒரு பார்சல். அட்டையிலிருந்த பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அவங்களேதான் வாங்கணும். கையெழுத்து வேணும்" என்றார்.

"அவங்க படுத்திருக்காங்க" என்றார் மாடி வீட்டம்மா, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்.

கூரியர்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க. அப்ப திருப்பி அனுப்பிடுறேன்."

"எடுத்துட்டுப் போப்பா" என்றார் அண்ணன். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சின்னு எழுந்துவிட்டாள். "இருங்க. நான் வாங்கிக்கிறேன்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"நாத்தனார்."

நாத்தனாரை நம்பிப் பார்சலைக் கொடுக்கலாமா என்று யோசிப்பவர் போல அவர் ஒரு நொடி நின்றார். பிறகு பேனாவை நீட்டினார்.

"எதுக்கு அதை வாங்குற?" என்றார் அண்ணன். "அவளே போயிட்டா. நாளைக்குப் பழைய சாமான்காரனக் கூப்பிட்டு அந்த ரூமையே ஒழிச்சிடப் போறேன்."

"ஒரு தடவை ஒழிச்சீங்களே, அது பத்தாதா அண்ணா?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மனசு சரியில்லாதபோது எதையாவது கழற்றி மாட்டுவது அவர் வழக்கம். ஜன்னல் கொண்டியை இழுத்தும் விட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்சலில் என்ன இருக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எதற்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் நடைப்பயிற்சிக்குப் போனார்கள், அண்ணி ஏலத்துக்குப் போனாள். எல்லாம் போனில் நடக்கும் ஏலம். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளாக வாங்கிப் பின்னறை அலமாரியில் அடுக்கினாள். அதிலும் ஒரு தட்டு முழுக்க ஒரே விளையாட்டு, ஒரே பெட்டி, ஒரே எறும்புப் படம். வாங்குகிறவர்கள் எல்லாம் பிரிக்காத புதுப் பெட்டிக்கு அடித்துக்கொண்டால், அண்ணி கிழிந்ததும் கறை பட்டதுமாகப் பார்த்து எடுப்பாள். சேகரிக்கிறவர்கள் கூட்டத்தில் அவளுக்கு 'எறும்பு டாக்டர்' என்று பெயர். அவளை ஆண் என்று நினைத்திருந்தார்கள். அவளும் திருத்தவில்லை.

ஏலம் முடிய ஒரு நாள் இருக்கும்போதே முண்டியடிக்கிறவர்களைப் பார்த்து அண்ணி சிரிப்பாள். "இப்பவே கையத் தூக்கினா நமக்கு ஆசைன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்." கடைசி வரைக்கும் ஒன்றும் தெரியாதவள் போல இருந்துவிட்டு, பால் பொங்கப் போகிற நேரத்தில் அடுப்பை அணைப்பது போல டக்கென்று ஒரு தொகையைத் தட்டுவாள். அதற்கு முன்னால், விற்கிறவர் போட்டிருக்கும் படத்தை விரலால் விரித்து, விளையாட்டு பதிந்திருக்கும் ஃபிளாப்பியின் ஓரத்தைத்தான் பார்ப்பாள். அங்கே சின்னச் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். வெட்டு திறந்திருந்தால் கம்ப்யூட்டர் அந்த ஃபிளாப்பியில் எழுதும். அதன்மேல் எதையாவது ஒட்டி மூடிவிட்டால் இருப்பதைப் படிக்கும், புதிதாக எதையும் எழுதாது. இதையெல்லாம் சின்னுவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அண்ணிதான்.

"அப்படி என்னத்ததான் தேடுறீங்க அண்ணி?"

"கிடைச்சா சொல்றேன்."

கேட்டதற்குப் பதில் கிடைக்காவிட்டால் சின்னுவுக்குத் தூக்கம் வராது. தண்ணீர் இணைப்பு அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை, நாளெல்லாம் கேள்வி கேட்டுக் கேட்டு வளர்ந்த நாக்கு. ஐம்பதைத் தாண்டியும் 'சின்னு' என்ற பெயர் எப்படிப் போகவில்லையோ அப்படியே அந்தக் குணமும் போகவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், இழுத்து மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து அண்ணன் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதோடு வந்தது எறும்பு விளையாட்டு. தண்ணீர் ஏற ஏற, எறும்பு சர்க்கரையைச் சுமந்துகொண்டு மேலே ஓட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் முதல் பத்து பேர் பட்டியல் திரையில் வரும். பெயருக்கு மூன்று இடம்தான். அண்ணி மூன்று நட்சத்திரம் போட்டாள், "எனக்கு நானே குடுத்துக்கிறேன்" என்று. சின்னு மூன்று கேள்விக்குறி போட்டாள். சமையல் கருகியது, துணி காயாமல் கிடந்தது, நாத்தனாரும் அண்ணியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு எறும்பு ஓட்டினார்கள்.

முதலிடத்தில் அண்ணி. அவளை நெருங்கவே முடியவில்லை. அண்ணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு மதியம் சின்னு முந்திவிட்டாள். மூன்று கேள்விக்குறி உச்சியில் நின்றதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். சாயங்காலம் அண்ணனுக்குக் காட்டலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டால், பழையபடி நட்சத்திரம்தான் மேலே. கேள்விக்குறி இரண்டாவது இடத்தில்.

"கனவு கண்டிருப்ப" என்றாள் வேலை முடிந்து வந்த அண்ணி. "ஜெயிச்சிருந்தா பட்டியல்ல இருக்கணுமே."

அன்றிலிருந்து அந்தப் பேச்சு ஓயவே இல்லை. கொஞ்ச நாளில் வீடு மாறும்போது அண்ணன் கம்ப்யூட்டரை ஃபிளாப்பியோடு சேர்த்துப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டார். அதற்காக அண்ணி அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

போன வாரம் மருத்துவமனையில், சின்னு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி திடீரென்று கையை நீட்டி, "கண்ணாடியக் குடு" என்றாள். போனில் ஒரு படம். மங்கலாக, யாரோ கை நடுங்க எடுத்தது. 'பழைய விளையாட்டு, ஓடுமா தெரியாது' என்று போட்டிருந்தது. விற்கிறவர் இதே ஊர்க்காரர். அண்ணி படத்தின் மூலையை விரித்தாள், இன்னும் விரித்தாள். பக்கத்து மெஷின் வேகமாகக் கீச்சிட்டது. டியூட்டி நர்ஸ் ஓடி வந்து அதட்டினாள். அண்ணி தன் கடைசி ஏலத்தை இடது கையால் முடித்தாள். முதல்முறையாகக் கடைசி நிமிடத்துக்குக் காத்திருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் கையைத் தூக்கிவிட்டாள்.

"என்ன அண்ணி இது, இவ்வளவு அவசரம்?"

"பார்சல் வந்தா நீயே பிரி. வேற யாரையும் தொட விடாத."

"இதே விளையாட்டு ஒரு தட்டு நிறைய வச்சிருக்கீங்களே. இதுல என்ன இருக்கு?"

"உன் வாய அடைக்கிற மாதிரி ஒண்ணு" என்று சொல்லி, சிரித்து, இருமி, கண்ணை மூடிக்கொண்டாள்.

மயானத்துக்குப் போகிற வண்டி வந்தது. அண்ணன் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார். சின்னு பார்சலைக் கைப்பையில் திணித்துக்கொண்டு கூடவே ஏறினாள். வீட்டில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமோ இருக்காதோ என்று பயம். மின்மயானத்தில் உலையின் இரும்புக் கதவு மூடியபோது, அவள் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அண்ணியின் முகத்தை இனிமேல் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் உள்ளே இறங்கியது. அழுதாள். அழும்போதே பையின் ஓரத்தில் பார்சலின் மூலை விலாவில் குத்தியது. இந்த நேரத்திலும் உள்ளே என்ன இருக்கும் என்று தோன்றுகிறதே என்று தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து குளித்ததும் நேராகப் பின்னறைக்குப் போனாள். கூடத்தில் யாரோ தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த அண்ணியின் பை அலமாரியில் சாய்ந்திருந்தது. சின்னு தரையில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தாள்.

கிழிந்த பெட்டி, எறும்புப் படம். உள்ளே காகித உறை. உறையிலிருந்து கறுப்பு ஃபிளாப்பியைப் பாதி இழுத்ததும் அவள் கை நின்றுவிட்டது.

ஓரத்து வெட்டின் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி. வெள்ளையாக இருந்தது பழுப்பேறியிருந்தது. அதன் முனை துளி உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

இது அந்த ஃபிளாப்பியேதான். இத்தனை காலமும் அண்ணி ஒவ்வொரு படத்திலும் விரலால் விரித்து விரித்துத் தேடியது இந்த மடிப்பைத்தான். அந்தக் காலத்தில் சின்னு இதைப் பார்த்ததே இல்லை. ஃபிளாப்பியைப் போடுவதும் எடுப்பதும் அண்ணி மட்டும்தான். "உன் கைரேகை பட்டாக் கெட்டுடும்" என்று யாரையும் கிட்டே விடமாட்டாள். தன் நட்சத்திரம் முதலிடத்துக்கு ஏறியதும், சின்னுவை இரண்டாவது இடத்தில் வைத்து வெட்டை ஒட்டி மூடியிருக்கிறாள். அதற்குப் பிறகு யார் எவ்வளவு எடுத்தாலும் திரையில் தெரியும், அணைத்ததும் போய்விடும். அந்த மதியம் சின்னு கண்டது கனவு இல்லை. அவள் ஜெயித்தாள்.

"அடிப்பாவி அண்ணி" என்று வாய்விட்டுச் சொன்னாள். கோபம்தான் முதலில் வந்தது, முப்பது வருஷத்துக்கு மேல் பழைய கோபம். அது தொண்டைக்கு வந்தபோது சிரிப்பாக மாறியிருந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கியது. சத்தம் கேட்டு ஓடி வந்த மாடி வீட்டம்மா பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். "அழுதுடும்மா, நல்லா அழுதுடு" என்று முதுகைத் தடவினார். தடவத் தடவ அது அழுகையாகவே ஆகிவிட்டது.

மாடி வீட்டம்மா போன பிறகு சின்னு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். தொலைந்தது தொலைந்ததாகவே இருந்திருந்தால் அண்ணியின் திருட்டு யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அதைத்தான் தேடித் தேடி வாங்கி, "நீயே பிரி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயால் தோற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அண்ணி சரிபண்ணி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் மேஜைமேல் இருந்தது. ஃபிளாப்பியைத் திருப்பியபோது பிளாஸ்திரி தானாகவே கழன்று சின்னுவின் விரலில் வந்தது. பசை எப்போதோ செத்திருந்தது. வெட்டு திறந்து கிடந்தது. அப்படியே உள்ளே போட்டாள். கர்ர் கர்ர் என்று தேய்த்துவிட்டு, திரையில் எறும்பு வந்தது, பட்டியல் வந்தது. மேலே மூன்று நட்சத்திரம். அதற்குக் கீழே மூன்று கேள்விக்குறி.

இப்போது ஆடினால் எழுதும். அவள் விரல் தானாகப் போய் அம்புக்குறி விசைமேல் உட்கார்ந்தது. அண்ணியின் விரல் பட்டுப் பட்டு அந்த விசை வழவழவென்று இருந்தது.

"என்னதான் இருக்கு அதுல?"

வாசற்படியில் அண்ணன் நின்றிருந்தார். தலை ஈரம் காயவில்லை. திட்ட வந்தவர் போலத் தெரியவில்லை.

"நம்ம பழைய ஃபிளாப்பிண்ணா. நீங்க போட்டீங்களே, அதே."

அவர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. "கடைசில யாருதான் முதல்?"

சின்னு பிளாஸ்திரித் துண்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அண்ணிதான்."

அண்ணன் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். "அவ சொல்லிட்டேதான் இருந்தா. நான் எப்பவும் உன் பக்கமே பேசினேன்." போகும்போது அலமாரியில் சாய்ந்திருந்த ஓர் எறும்புப் பெட்டியை எடுத்து நேராக நிறுத்திவிட்டுப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டியதும் சின்னு கம்ப்யூட்டரை அணைத்து ஃபிளாப்பியை வெளியே எடுத்தாள். அண்ணியின் பையைத் துழாவினாள். போன் சார்ஜருக்கும் சீப்புக்கும் கீழே பிளாஸ்திரிச் சுருளும் கத்தரிக்கோலும் இருந்தன. ஒரு துண்டு வெட்டினாள். அந்த வீட்டுப் பழக்கத்தில் முனையை மடித்தாள். மடித்ததைப் பார்த்தாள். பிறகு அந்த மடிப்பை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு, ஃபிளாப்பியின் வெட்டின் மேல் வைத்து, நாலு ஓரமும் படியும்வரை கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.