சுவரில் மாட்டக் கூடாத சைக்கிள்

பல் டாக்டரம்மாவிடம் மாட்டிக்கொண்ட நோயாளிக்குச் சைக்கிள் பேச்சிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது. மரத்துப்போவதற்கான ஊசியைப் போட்டுவிட்டு, அது வேலை செய்யும்வரை ஏதாவது பேச வேண்டுமே என்று ஆரம்பிப்பார். இரும்புக் குழாயில் செய்த பழைய பந்தய சைக்கிள்தான் சைக்கிள், இப்போது வருகிற கார்பன் வண்டியெல்லாம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குச் சொந்தம் என்பது அவருடைய கட்சி. வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்கள் என்ன எதிர்வாதம் செய்துவிட முடியும்?

வீட்டு ஹாலில் அப்படிப்பட்ட நான்கு சைக்கிள்கள் சுவரில் தொங்கின. நான்கும் அழகிகள். நான்கிலும் டாக்டரம்மாவுக்குக் கால் எட்டாது. ஆள் குள்ளம், அந்தக் காலத்தில் பந்தயம் ஓட்டியவர்கள் எல்லாம் பனைமர உயரம் போலிருக்கிறது. விடியும் முன்பே பேக்கரிக்குக் கிளம்பும் கணவர் வாரம் ஒருமுறையாவது ஏதோ ஒரு பெடலில் தலையை இடித்துக்கொள்வார். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று நெற்றியைத் தடவிக்கொண்டே போவார்.

அந்த அதிர்ஷ்டம் ஒருநாள் கடைவாய்ப் பல் வலியோடு வந்து நாற்காலியில் படுத்தது. நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிற அம்மாள், எல்லோருக்கும் கோச்சம்மா. டாக்டரம்மா வழக்கமான பல்லவியைப் பாடிக்கொண்டிருக்க, வாய் நிறையப் பஞ்சோடு கிடந்த கோச்சம்மா கையைத் தூக்கினார். வலிக்கிறதோ என்று பதறிப் பஞ்சை எடுத்தால், "என்கிட்ட ஒண்ணு இருக்கு டாக்டர். நான் ஓட்டினது. உங்க உயரம்தான்" என்றார்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மா மேட்டின் உச்சியில் இருந்த கோச்சம்மா வீட்டு ஷெட்டில் நின்றார். மயில்கழுத்து நிறத்தில், குட்டியாக, குழாய்கள் சேரும் இடமெல்லாம் இலை மாதிரி வெட்டி இழைத்து, ஒரு சைக்கிள். பின் சக்கரத்தருகே கியர் மாற்றி உடைந்து தொங்கியது. மற்றபடி குறையொன்றும் இல்லை. டாக்டரம்மா காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் பட்டன. கண் கலங்கிவிட்டது.

"என்ன விலை சொல்றீங்க?"

"விலை கிடையாது. முழங்கால் மக்கர் பண்ணுது, என்னால மிதிக்க முடியல. ஆனா சும்மாவும் தரமாட்டேன்" என்றார் கோச்சம்மா. "இதுக்கு ஒரு ஜோடி இருந்துச்சு. ஓட்டுறேன்னு சொன்னானேன்னு எங்க சின்ன மச்சினனுக்குக் குடுத்தேன். ஒருநாள் அவன் நடத்துற ஓட்டலுக்குச் சாப்பிடப் போறேன், சுவத்துல தொங்குது. ஹேண்டில்ல பூந்தொட்டி! சாப்பிடாமலே வந்துட்டேன். உங்க வீட்லயும் நாலு தொங்குதாமே?"

டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் வாயாலேயே சொன்னதுதான்.

"ஒரு மாசம் வெச்சுக்கோங்க. சரி பண்ணுங்க. அப்புறம் கீழேயிருந்து இந்த மேட்டுல ஏறி என் வாசலுக்கு வாங்க. மிதிச்சே வந்தா வண்டி உங்களுக்கு. இறங்கித் தள்ளிட்டு வந்தீங்கன்னா இங்கேயே விட்டுட்டு பஸ் ஏறிடுங்க."

இதென்ன பிரமாதம் என்று டாக்டரம்மா தலையாட்டிவிட்டார். வண்டி கையில் கிடைத்த மயக்கத்தில் மேட்டைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அந்த மாதம் பல் உலகம் இரண்டாம் இடத்துக்குப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்ற கொக்கிகளும் சுரண்டிகளும் வீட்டுக்கு வந்து, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் காறை எடுத்தன. கருவிகளைக் கழுவுகிற பழைய அதிர்வுத் தொட்டியில் திருகாணிகள் குளித்தன. எல்லாவற்றுக்கும் சிகரமாக, பஞ்சுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஒரு பொருளை வெளியே எடுத்தார். அந்த வண்டி பிறந்த அதே வருஷத்துக் கியர் மாற்றி. என்றாவது தோதான வண்டி வாய்க்கும் என்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு வருஷம் தேடி முன்பே வாங்கி வைத்தது. அதை மாட்டி, வெள்ளித் தோடு போட்ட குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய சைக்கிள் சங்கத்தின் தலைவர் வீடு தேடி வந்து பார்த்தார். வேலை காப்பீடு விற்பது என்றாலும், அடுத்தவர் வண்டிக்குத் தீர்ப்புச் சொல்வதால் அவருக்கு நீதிபதி என்று பெயர். அவரே ஒரு குறையும் சொல்லாமல் போனார். சங்க வரலாற்றிலேயே இது முதல் தடவை.

ஒன்றை மட்டும் டாக்டரம்மா மறந்துபோயிருந்தார். ஓட்டிப் பார்ப்பதை.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மேட்டுக்குப் போனார். முதல் வளைவு வரை ராணி. இரண்டாவது வளைவில் மூச்சு விசில் அடித்தது. மூன்றாவது வளைவில் பெடல் அப்படியே நின்றுவிட்டது, டாக்டரம்மா பொத்தென்று காலை ஊன்றினார். மறுநாளும் அதே வளைவு, அதே கால். சாலை கோணல், காற்று எதிர்க்காற்று என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் கணவர். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துக் கேலியை நிறுத்திக்கொண்டு, மாவு ஒட்டிய கையோடு வண்டிக்குப் பின்னால் குந்தினார். "ஏன்மா, சங்கிலி ஓடுற இந்தப் பல்சக்கரத்துல பல் கம்மியா இருக்கே. பெரிய சக்கரமா இருந்தா லேசா ஏறலாம்ல? உன் மக வண்டியில இருக்கே, சாப்பாட்டுத் தட்டு மாதிரி. ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் பல் கட்டுற, உன் வண்டிக்குக் கட்ட மாட்டியா?"

டாக்டரம்மாவுக்கு அது தெரியாதா? இரண்டு நாளாக அதை நினைக்காமல் இருக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வெளியூரில் படிக்கும் மகளின் மலைச் சைக்கிளில் முப்பத்து நாலு பல் வைத்த சக்கரம் இருந்தது, திருகினால் இதில் ஏறிவிடும். ஆனால் அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு அந்த வெள்ளித் தோடு, அதுதான் அந்தப் பழைய கியர் மாற்றி, எட்டாது. அதைக் கழற்றிவிட்டு, மகள் வண்டியின் நீளக்கை வைத்த கறுப்புக் கியர் மாற்றியைத்தான் மாட்ட வேண்டும். பட்டுப் புடவைக்கு ரப்பர் செருப்பு. நீதிபதி பார்த்தால் சங்கத்தை விட்டே தள்ளிவைத்துவிடுவார்.

"அந்த அம்மா பார்த்தா என்ன சொல்லுவாங்க? ஏமாத்திட்டேன்னு நினைக்கமாட்டாங்களா?"

"மிதிச்சு வான்னாங்க. எத்தனை பல்லுன்னா கேட்டாங்க?"

கெடு நாளன்று காலையில் டாக்டரம்மா கிளம்பினார். வெள்ளித் தோடு துணியில் சுற்றி முதுகுப் பையில் இருந்தது. வண்டி கைக்கு வந்ததும் வீட்டுக்குப் போய் மறுபடியும் மாட்டி, இந்த அலங்கோலம் நடந்ததையே மறந்துவிடுவது என்று திட்டம்.

மேட்டடியில் காப்பிக் கடை. அங்கே சங்கத்தாரோடு நீதிபதி. யாரைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறோமோ அவர்கள்தானே வந்து நிற்பார்கள்.

"டாக்டர், பின்னாடி என்ன அது? ரொட்டிக் கடைத் தட்டை எடுத்து மாட்டிட்டீங்களா?"

டாக்டரம்மா நேரே மேட்டைப் பார்த்தார். காது சிவந்தது, கால் மட்டும் சுற்றியது. முதல் வளைவு போயிற்று. இரண்டாவதில் மூச்சு வாங்கியது, ஆனால் வாங்க மூச்சு இருந்தது. மூன்றாவது வளைவில் பெரிய சக்கரத்தில் சங்கிலி கடகடவென்று ஏறி உட்கார்ந்தது. வண்டி நத்தையாகத்தான் போனது. நத்தை நிற்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் நடந்தே அவரைத் தாண்டிப் போய்க் கை காட்டினார்கள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்து வைத்தார்.

வாசலில் கோச்சம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். டாக்டரம்மா வந்து நின்றதும் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பின் சக்கரத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டரம்மாவுக்கு வியர்வை ஆறிக் குளிரெடுத்தது.

"இறங்குங்க" என்றார் கோச்சம்மா.

இறங்கினார். கோச்சம்மா வண்டியை வாங்கினார், ஏறினார், சரிவில் இறங்கிப் போயே போய்விட்டார்.

டாக்டரம்மா தெருவில் தனியாக நின்றார். முழங்கால் மக்கர் பண்ணுகிறது என்பதற்காகத்தானே வண்டியைக் கொடுக்கவே நினைத்தார்கள்? இப்போது முழங்காலுக்குத் தோதாக யார் மாற்றிக் கொடுத்தது? சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து வளைவில் மயில்கழுத்து தெரிந்தது. கோச்சம்மா மிதித்துத்தான் வந்தார், நத்தையாக, வாயெல்லாம் பல்லாக.

"டாக்டர், இளவயசுலயே நான் இந்த மேட்டுல ஏறினதில்லை" என்றார், மூச்சு இரைக்க. "மூணாவது வளைவுல இறங்கி, யாராவது பாக்குறாங்களான்னு பார்த்துட்டுத் தள்ளிட்டு வருவேன். அத்தனை வருஷமும்! உங்களாலயும் முடியாதுன்னு நினைச்சுத்தான் அப்படிச் சொன்னேன். குடுக்க மனசு வரல."

ஹேண்டிலைப் பிடித்த கையை அவர் சட்டென்று எடுக்கவில்லை. ஒருமுறை மணியை அடித்துப் பார்த்தார். பிறகு வண்டியை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினார்.

"சொன்ன சொல் சொல்லுதான். எடுத்துக்கோங்க. எப்பவாவது இந்தப் பக்கம் வந்தா, ஒரு சுத்து எனக்கு."

"ஞாயித்துக்கிழமை தவறாம வரேன் கோச்சம்மா" என்று டாக்டரம்மா குனிந்தபோது, பையிலிருந்து துணி முடிச்சு நழுவி விழுந்தது. வெள்ளித் தோடு வெயிலில் மின்னியது.

"இது என்ன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இந்த வண்டி வருஷத்தோட கியர் மாற்றி. ரெண்டு வருஷம் தேடினேன். வீட்டுக்குப் போய்..."

"பின்னாடி இருக்குற அந்தப் பெரிய தட்டைக் கழட்டிட்டு இதை மாட்டி, அப்புறம் வண்டியை நாலோட அஞ்சா மாட்டிடுவீங்க."

டாக்டரம்மா அதைக் கையில் எடுத்தார். அந்தச் சின்ன வெள்ளிப் பொருளைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தார். பிறகு கோச்சம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். 

கோச்சம்மா அதை வாசலுக்கு உள்ளே, சாவி மாட்டும் ஆணியில் மாட்டினார். தள்ளி நின்று அழகு பார்த்தார்.

"சுவத்துல மாட்டுறதுக்கு இது போதும். நீங்க கிளம்புங்க, யாராவது பல்வலியோட காத்துட்டிருப்பாங்க."

டாக்டரம்மா கிளம்பினார். மேட்டடியில் நீதிபதி இன்னும் காப்பிக் கடையில்தான் இருந்தார். அவரைத் தாண்டும்போது டாக்டரம்மா வேண்டுமென்றே மணியை இரண்டு தடவை அடித்தார்.