கணப்புக் கல்லுக்குக் கீழே

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், சாரல் உள்ளே அடிக்கிறது. இன்றைக்கு ஒரு திருட்டுக் கதை சொல்கிறேன். நாற்பத்தெட்டு வருஷம் ஏரிக்குள் முழுகிக் கிடந்து, ஒரு கோடையில் எழுந்து வந்த திருட்டு. கேட்டபோது எனக்கு வாயடைத்துப் போனது. உங்களுக்கும் அடைக்கும். பரவாயில்லை, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

ஹில்டா தெக்ஸ்டனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. வில்ஃப் மவுன்ஸிக்கு மூன்று வயது கூட. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பச்சைநிறச் சிறு பஸ்ஸில், ஏரி பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் அவனுடையது, வாய் அவளுடையது. காலையில் கடைத்தெருவில் பதினாறு பேரை ஏற்றினால், இஞ்சி ரொட்டிக்குப் பேர்போன கிராமம், பலகைக்கல் வெட்டும் கிராமம், மலை உச்சியில் காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகும் கணவாய் என்று சுற்றி, கடைசியில் ஸ்கெல்மர் ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்துவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதே பாதை.

ஸ்கெல்மர் கரையில்தான் ஹில்டாவின் நல்ல கதை இருந்தது. தூரத்து நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று முப்பத்தாறாம் வருஷம் அங்கே அணை கட்டி ஏரியை உயர்த்தினார்கள். பதினொரு வீடும் ஒரு சின்ன தேவாலயமும் இருந்த கார்த்டேல் ஊர் அடியில் போனது. ஹில்டா பிறந்த வீடும் அதில் ஒன்று. ஊரைக் காலி செய்த மாதத்தில் தேவாலயத்து மணி காணாமல் போயிற்று. போலீஸ் வந்து தேடியும் கிடைக்கவில்லை. பழைய இரும்பு வாங்கி விற்கிற ஒரு ஆள் ஊரில் இருந்தான், அவன் வண்டி ஏற்றிக்கொண்டு போய் உருக்கி விற்றுக் குடித்துவிட்டான் என்று ஊரே சொன்னது. ஹில்டாவும் மைக்கில் அதையே சொல்வாள். பெயர் மட்டும் சொல்ல மாட்டாள். சொல்லி முடித்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் தெரியும் சிவந்த கழுத்தைப் பார்த்துக் கண்ணடிப்பாள். பதினாறு பேரும் சிரிப்பார்கள்.

ஏனென்றால் அந்தப் பழைய இரும்புக்காரர் ஐசக் மவுன்ஸி, வில்ஃபின் அப்பா.

வில்ஃபும் சேர்ந்து சிரிப்பான். "அம்மணி ஒரு நாளைக்காவது கதையை மாத்திச் சொல்லும்னு பாக்கறேன்" என்பான், அவ்வளவுதான். அவனுக்கு உறைக்காத தோல் என்று ஹில்டா நினைத்திருந்தாள்.

அவளுடைய அப்பா ஜோசப் தெக்ஸ்டன் வேறு மாதிரி மனிதர். தேவாலயக் காப்பாளர். பள்ளத்தாக்கு முழுவதும் மதித்த செம்மறிக்காரர். ஒவ்வொரு நவம்பரிலும் மேய்ப்பர்கள் கூடுவார்கள் இல்லையா, வழி தப்பி அடுத்தவன் மந்தையில் போய்ச் சேர்ந்த ஆடுகளையெல்லாம் கொண்டுவந்து பட்டியில் அடைத்து, காதுவெட்டையும் முதுகுச் சாயத்தையும் பார்த்து உரியவனிடம் ஒப்படைப்பார்கள். யார் பட்டியில் இருந்தது, எத்தனை நாள் இருந்தது என்று ஒருவரும் கேட்கக்கூடாது. அதுதான் அங்கே வழக்கம். அந்தக் கூட்டத்துக்கு முப்பது வருஷம் தலைவர் ஜோசப்தான். முப்பத்தாறு நவம்பரில் எல்லா ஆட்டையும் ஒப்படைத்த பிறகு, "வழி தப்பினது எல்லாம் வந்திருச்சு, ஒண்ணைத் தவிர" என்று சொல்லி அவர் பேசாமல் நின்றாராம். எல்லார் கண்ணும் ஐசக் மேல் திரும்பியதாம். ஜோசப் இறந்த பிறகு, கொழுத்த கிடாய்க்கு அவர் பெயரில் ஒரு கேடயம் வைத்தார்கள். வருஷா வருஷம் அதை எடுத்துக் கொடுக்கிறவள் ஹில்டா. அவளிடம் இருந்த பெரிய சொத்து அந்தப் பெயர்தான்.

எண்பத்து நாலாம் வருஷம் மழை பொய்த்தது. ஜூலையில் ஏரி இறங்க ஆரம்பித்து, ஆகஸ்டில் கார்த்டேலின் சுவர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாலம் வந்தது. தெருக்கல் வந்தது. சேறு வெடித்துக் காய்ந்து நடக்கிற பக்குவம் ஆனதும், ஹில்டா பதினாறு பேரையும் உள்ளே நடத்திக்கொண்டு போனாள். வில்ஃப் பின்னாலேயே வந்தான், கையில் டீ ஃபிளாஸ்க்கோடு.

இடுப்பு உயரச் சுவருக்குள் நுழைந்து, "இது எங்க வீடு" என்றாள். ஏழு வயதில் விட்டுப்போன வீடு. உப்பு வைக்கிற மாடம் அப்படியே இருந்தது. கணப்பும், அதன் முன்னால் ஆறடி நீளப் பலகைக்கல்லும் இருந்தன.

வந்தவர்களில் பர்மிங்ஹாமிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற கொத்தனார், பிராட்லி என்று பெயர். அவர் கைத்தடியால் அந்தக் கல்லைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

"அடியில வெத்திடமா இருக்கும்மா. இவ்வளவு நல்ல கல்லை எவனும் இப்படிக் காலியா விட்டுப் போட மாட்டான்."

வில்ஃப் முன்னால் வந்தான். "விடு ஹில்டா. டீ ஆறிடும்."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில், சொந்த வீட்டில் நிற்கிற பெருமை அவள் தலைக்கு ஏறியிருந்தது. "என்ன கிழவா, எங்கப்பா அடியில தங்கம் வெச்சுட்டுப் போயிருந்தா உனக்குப் பங்கு தர மாட்டேன்னு பயமா? போய்க் கடப்பாரையை எடுத்துட்டு வா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வில்ஃப் பஸ் வரைக்கும் நடந்தான். கடப்பாரையோடு திரும்பி வந்தான். நெம்பியதும் அவன்தான்.

கல் புரண்டது. கீழே தார் பூசிய சாக்குத் துணியில் சுற்றி, ஆட்டைக் கட்டுகிற கயிற்றால் கட்டிய ஒரு பெரிய உருண்டை. பிராட்லி பேனாக்கத்தியால் துணியைக் கிழித்தார். பச்சை படிந்த வெண்கலம். விளிம்பைச் சுற்றி எழுத்து. அவர் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். அது முனகியது.

ஹில்டா அப்படியே உப்பு மாடத்தைப் பிடித்துக்கொண்டாள்.  அந்தத் தார் வாசனை அவளுக்குத் தெரியும். குளிருக்கு முன்னால் ஆட்டுத் தோலில் தேய்ப்பதற்கு, தாரையும் வெண்ணெயையும் அப்பா தன் கணக்கில் கலப்பார். ஊரில் வேறு யாருடையதும் அப்படி நாறாது. அதோடு இன்னொன்றும் எழுந்து வந்தது. ஊரை விட்டுப் போவதற்கு முந்திய வாரம் அவளை இரண்டு நாள் அத்தை வீட்டுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது கணப்பு குளிர்ந்து கிடந்தது, கல்லின் ஓரமெல்லாம் புது மணல். புகைபோக்கியைச் சரி செய்தேன் என்றார் அப்பா. ஏழு வயதுக் குழந்தை அதற்கு மேல் என்ன கேட்கும்?

 கூட்டத்தில் ஒரு அம்மாள் உற்சாகமாகச் சொன்னாள்: "பாருங்க, அந்தத் திருடன் எவ்வளவு கெட்டிக்காரன். பழியை அப்பாவி வீட்டுல கொண்டுபோய்ப் புதைச்சிருக்கான்."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.  

மற்றவர்கள் மணியைச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது ஹில்டா வில்ஃபைப் பாலத்துக்கு அழைத்துப் போனாள். அவன் குடிக்காமலே டீயைக் கீழே ஊற்றினான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அப்பா சாகும்போது சொன்னாரு. அம்பத்தெட்டாம் வருஷம்."

அவன் சொன்னதை நான் என் வார்த்தையில் சொல்கிறேன், கேளுங்கள். நகரத்து ஆட்கள் மணியைத் தங்கள் ஊருக்கு ஏற்றிப்போகப் பட்டியல் போட்டிருந்தார்கள். ஜோசப்பும் ஐசக்கும் அதைப் பொறுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் இறக்கினார்கள். வண்டி ஐசக்குடையது, குழி ஜோசப்புடையது. தேடல் அடங்கியதும் வசந்தத்தில் எடுத்து, மேலே கட்டுகிற புதுத் தேவாலயத்தில் மாட்டுவது என்று ஏற்பாடு. அதுவரை யாரிடமும் சொல்வதில்லை என்று எச்சிலைத் துப்பிக் கையோடு கை அறைந்து பேசி முடித்தார்கள். அந்த ஊரில் கை அறைந்தால் காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது. இரண்டு பேரும் மறுபடி கை அறைந்து அவிழ்த்தால்தான் பேச்சு அவிழும். ஆனால் அந்தக் குளிர்காலம் பேய்மழை. அணைக்காரர்கள் சொன்ன நாளுக்கு நாலு மாதம் முன்பே தண்ணீர் ஏறிவிட்டது. மணி உள்ளே போய்விட்டது. பழி ஐசக் மேல் விழுந்தது. உண்மையைச் சொன்னால் ஜோசப்புக்குக் காப்பாளர் பதவியும் போகும், தண்ணீர் வாரியம் கொடுத்த புதுப் பண்ணையும் போகும். அவர் கையை அவிழ்க்க வரவில்லை. வருவார் வருவார் என்று ஐசக் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தார்.

ஐசக் செத்தபோது சாவு மணி அடிக்கவில்லை. ஆண் என்றால் ஒன்பது அடி, பிறகு வயதுக்கு ஒரு அடி, அதுதான் அங்கே வழக்கம். திருடனுக்கு எதற்கு மணி என்றார்கள். புதுத் தேவாலயத்தில் மாட்டிய வேறு மணியின் கயிறு அன்றைக்கு ஜோசப் கையில் இருந்தது. அவர் இழுக்கவில்லை. அதை நியாயஸ்தனின் கண்டிப்பு என்று ஹில்டா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"எங்கப்பா எழுபதாம் வருஷமே போயிட்டாரு. அப்புறமாவது சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நான் கை அறைஞ்சது எங்கப்பா கிட்ட, அவருக்குப் பதிலா நானிருப்பேன்னு. ரெண்டு பேருமே செத்துட்டாங்க. யார்கிட்ட போய் அவிழ்க்கச் சொல்ல?"

"இருபத்திரண்டு வருஷம், வில்ஃப். தினமும் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நான்…"

"ஞாயித்துக்கிழமை லீவு" என்றான் அவன்.

அந்த வார்த்தை, என் செல்லங்களே, அவளை அறைந்த அறை மணியைப் பார்த்தபோதுகூட விழவில்லை.

செப்டம்பரில் பத்திரிகையில் வந்தது. திருடன் அப்பாவி வீட்டில் ஒளித்த மணி என்று தலைப்பு. தண்ணீர் வாரியமும் பெரிய மனசு பண்ணி மணியைப் பள்ளத்தாக்குக்கே விட்டுக்கொடுத்தது. பார்க்கிறவர்களெல்லாம் ஹில்டாவின் கையைப் பிடித்து அனுதாபப்பட்டார்கள். அவள் மறுக்கவில்லை. மைக்கில் கதை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஸ்கெல்மர் கரை வந்தால், "டீ இருபது நிமிஷம்" என்பாள், அவ்வளவுதான். இரவில் அப்பாவின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள், காலையில் நேராக்குவாள். அவர் அன்புக்குக் குறை வைத்தவர் அல்ல. பனியில் அவளைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். மணியைச் சுமந்ததும் அதே தோள்தான். வில்ஃப் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பர் வந்தது. மேய்ப்பர்கள் விடுதி முற்றத்தில் கூடினார்கள். நடுவில் டிராக்டரின் முன்கொக்கியில் மணியைத் தொங்கவிட்டிருந்தார்கள், பார்ப்பதற்கு. ஆடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஒப்படைத்தார்கள். கேடயம் கொடுக்க ஹில்டாவை அழைத்தார்கள். அவள் கேடயத்தை எடுக்கவில்லை. வெறுங்கையோடு முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"ஒப்படைக்க இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள். "ஐசக் மவுன்ஸியோட பேரு. நாப்பத்தெட்டு வருஷமா எங்க பட்டியில கெடந்துச்சு. எங்கப்பாவும் அவரும் சேர்ந்துதான் மணியை எடுத்தாங்க. பழியை அவர்மேல விட்டுட்டு எங்கப்பா வாயை மூடிக்கிட்டாரு. உரியவங்க வந்து வாங்கிக்கலாம்."

 புகைக்குழாய் பிடித்திருந்த கிழவர்கள் வாயிலிருந்து குழாயை எடுக்க மறந்து நின்றார்கள். முதல் வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார். ஐசக்கின் சவப்பெட்டியைத் தூக்க மாட்டேன் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். யார் பட்டியில் இருந்தது என்று கேட்கக்கூடாத கூட்டத்தில் அவளே சொல்லிவிட்டாள், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஹில்டா மணிக்குக் கீழே கிடந்த மரச்சுத்தியை எடுத்தாள். ஒன்பது அடி அடித்தாள். நிறுத்தி, மூச்சு விட்டு, ஐசக்கின் வயதுக்கு அறுபத்தொன்று அடித்தாள். நாற்பதுக்கு மேல் கைமாற்ற வந்தவர்களை அவள் கிட்டே விடவில்லை. வில்ஃப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பட்டியின் கம்பி ஓரமாக நின்றான். இருபதாவது அடியிலேயே முற்றத்தில் தொப்பி போட்ட தலை ஒன்றும் இல்லை.

கடைசி அடி அடங்கியதும் அவன் நடந்து வந்தான். உள்ளங்கையில் துப்பிக்கொண்டு நீட்டினான்.

"அவிழ்த்துடலாமா?"

அவளும் துப்பி, அவன் கையில் ஓங்கி அறைந்தாள்.

"வலிக்குது பொம்பளே" என்றான் வில்ஃப். "சரி, வசந்தத்துல பஸ்ஸை எடுக்கும்போது மைக்குல என்ன கதை சொல்லுவ?"

"நீ சொல்லு. நான் ஓட்டறேன்."

"அப்போ பதினாறு பேரும் நடந்தே போயிடுவாங்க" என்றான் அவன். அவள் சிரிக்க வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அவன் தொப்பியை அவள் முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை ஆடுகளைப் பார்த்தபடி நின்றான்.

எழுந்திருங்கள், என் கண்ணுகளா, நேரமாயிற்று. உங்கள் வீட்டில் அடுப்பு நாளும் எரியட்டும். சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஆட்கள் நிறைந்திருக்கட்டும். அதன் அடியில் மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லாமல் இருக்கட்டும்.