சந்தனம் புகுந்த சாக்கெட்

பொன்மலை ரயில்வே பட்டறையில் சவரிராஜ் போட்டிருந்த லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் மெட்ராஸ் ரேடியோ கம்பெனி அவர் செய்த சாக்கெட்டை ஏற்றுக்கொண்டால் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில். இல்லையென்றால் பழையபடி பட்டறைதான்.

சாக்கெட் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ரேடியோவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் கால்களை சர்க்யூட் போர்டில் நேராகப் பற்றவைத்தால் சூட்டில் அது செத்துப்போகும். அதற்குப் பதில் சாக்கெட்டைப் பற்றவைத்துவிட்டு, அதன் மூன்று ஓட்டைகளில் கால்களைச் செருகினால் போதும். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு பித்தளை நாக்கு காலைக் கவ்விக்கொள்ளும். பற்றவைக்கும் ஈயம் மேலே ஏறிவிடாதபடி சாக்கெட்டின் அடியை முழுக்க மூடியிருந்தார். அந்த மூடலில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

விஜயதசமி காலையில் எடமலைப்பட்டி புதூரில் அவர் போட்டிருந்த ஷெட்டுக்குக் கம்பெனி எஞ்சினீயர் நல்லுசாமி வந்தார்.

"சட்டுனு காட்டுங்க. நடை சாத்தறதுக்குள்ள ஸ்ரீரங்கம் போகணும்."

சவரிராஜ் டிரான்சிஸ்டரைச் செருகி ரேடியோவின் குமிழைத் திருப்பினார். மூச்சில்லை. தட்டினால் கரகரத்தது. அடுத்த போர்டும் அப்படியே. குனிந்து பார்த்தார். ஓட்டைகளின் வாயில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

"காத்தமுத்து, என்னடா இது?"

கூட்டாளி காத்தமுத்து தலையைச் சொறிந்தான். "நேத்து ஆயுத பூஜைண்ணே. நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க. எல்லாத்துக்கும் சந்தனம் வச்சேன்."

"சுத்தியலுக்கு வை, லேத்துக்கு வை. ஓட்டைக்குள்ள எதுக்குடா வச்ச?"

"அதுக்கு ஓட்டைதானண்ணே மூஞ்சி!"

சவரிராஜ் எஞ்சினீயர் பக்கம் திரும்பினார். "சார், இது சாக்கெட்டு குத்தமில்லீங்க. ஒரு நாள் குடுங்க, சுத்தமா வேற தரேன்."

"எங்க ரேடியோ போற வீட்டுல பூஜை போட மாட்டாங்களா? பின்மூடியக் கழட்டி உள்ள வரைக்கும் பொட்டு வைப்பாங்க. சந்தனம் இல்லேன்னா தூசி."

சவரிராஜ் சாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தார். நாக்கு சந்தனத்தைச் சுரண்டத்தான் செய்கிறது. சுரண்டிய தூள் போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து, காலுக்கும் நாக்குக்கும் நடுவில் புகுந்துகொள்கிறது. வழியை அடைத்தவர் அவரேதான்.

ரம்பத் தகட்டை எடுத்து சாக்கெட்டின் அடியோரத்தில் ஒரு கீறல் அறுத்தார்.

"அண்ணே, பாத்து! நாக்கு அறுந்துடப் போவுது."

டிரான்சிஸ்டரைச் செருகினார், உருவினார், மறுபடி செருகினார். கீறல் வழியாக மஞ்சள் தூள் உதிர்ந்தது. ரேடியோவில் நாதஸ்வரம் கேட்டது.

நல்லுசாமி போர்டைக் கவிழ்த்தார், உலுக்கினார், மேஜையில் தட்டினார். வாசிப்பு அறுபடவில்லை. பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். கோயில் நடை சாத்தியிருப்பார்கள்.

"கீறலோட ஐம்பது அனுப்புங்க. மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பாக்கறோம். தாங்குச்சுன்னா ஆர்டர்."

"அது வரைக்கும் சார்?"

"அது வரைக்கும் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

திங்கட்கிழமை சவரிராஜ் பட்டறை வேலைக்குப் போனார். ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளை நேராக ஷெட்டுக்கு விட்டார். காத்தமுத்து சாக்கெட் வார்க்கும் அச்சில் கீறலுக்கு இடம் வைத்து அராவிக்கொண்டிருந்தான்.

"வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாண்ணே?"

"மழை முடியட்டும்டா" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சவரிராஜ் இன்னொரு அரத்தை எடுத்துக்கொண்டார்.